ஊறவைத்த சீரம்

ஹெட்விகாவுக்குத் தன் முயல் மேல் இருந்த நம்பிக்கை நம்மில் பலருக்குப் பெற்ற பிள்ளைகள் மேல்கூட இருக்காது. வெள்ளை முயல், சிவப்புக் கண், பெயர் மார்ஷல். அதன் காது நரம்பில் எடுத்த ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் சீரத்தை எழுபது குட்டிக் குப்பிகளில் பிரித்து உறைபெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. சிலுவை மாட்டுகிற இடத்தில் சாவி மாட்டியிருக்கிறாளே என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டது வேறு கதை.

அந்தச் சீரத்துக்குள் இருந்த எதிர்ப்பொருள் ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும் என்பது அவள் கட்சி. அமீபாவுக்கு எலும்பு ஏது, தோல் ஏது? ஒற்றைச் செல். ஆனாலும் உள்ளே முட்டுக் கொடுத்து நிறுத்த ஏதோ புரதங்கள் இருக்கத்தானே வேண்டும். அப்படி ஒன்றை ஹெட்விகா கண்டுபிடித்தாள். அதைப் பாக்டீரியாவுக்குள் செய்யவைத்துப் பிரித்தெடுத்தாள். முயலுக்கு ஊசி போட்டாள். வந்த சீரத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய அமீபாக்கள் மேல் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அடேயப்பா! ஒவ்வொரு அமீபாவுக்குள்ளும் பச்சைப் பசேலென்று வளையங்கள். ஆறு, ஏழு, சிலதில் பத்து. இந்த உலகத்தில் யாரும் பார்த்திராத உள்கட்டுமானம்.

சும்மா ஒன்றும் அவள் நம்பிவிடவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் அதே முயலிடம் எடுத்து வைத்த ரத்தத்தைச் சோதித்தாள். இருட்டு. அமீபாவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தாளில் ஒற்றி, மேலே சீரத்தை ஊற்றினாள். எந்த எடையில் வர வேண்டுமோ அந்த எடையில் ஒரே ஒரு பட்டை. இதற்கு மேல் என்ன வேண்டும்? கட்டுரை எழுதினாள். ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஜூன் மாதம் அச்சில் வருவதாக இருந்தது.

அந்த ஜூன் மாதம்தான் அவளுடைய வேலை ஒப்பந்தமும் முடிகிறது. ஐந்து வருடத்துக்குத் தனி ஆய்வுக்குழு, சொந்த அறை, இரண்டு ஆட்கள் என்று ஒரே ஒரு பதவி அந்த வருடம் திறந்திருந்தது. அதற்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று அவளுடையது, இன்னொன்று எதிர் அறை ரதோவனுடையது. கிடைத்தால் இதே பிர்னோ ஆய்வகத்தில் அவள் ராஜ்ஜியம். கிடைக்காவிட்டால் ஸ்னொய்மோ என்ற சின்ன ஊரில் அண்ணனுடைய குளியலறை டைல்ஸ் கடையில் கல்லாப்பெட்டி. அண்ணி ஏற்கெனவே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள், புண்ணியவதி.

ரதோவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனுடையது வேறொரு முட்டுப் புரதம், வேறொரு முயல். ஜனவரியில் அவன் பெயர் நாள் வந்தது; அந்த ஊரில் பெயருக்கென்று நாட்காட்டியில் குறித்த நாளையும் பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். வழக்கம்போல எல்லோரும் ஆய்வகச் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு சமையலறை மூலையில் கூடினார்கள். ஹாமும் முட்டையும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள், மண்டி தங்கிய காப்பி, அவன் மாமா வீட்டுப் பிளம் சாராயம். இரண்டாவது கிண்ணத்தில் ரதோவனின் நாக்கு அவிழ்ந்தது.

"மகாராணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் வளையமெல்லாம் கட்டுமானமும் இல்ல, கழுதையும் இல்ல. அந்த அமீபா மத்தியானம் தின்ன சாப்பாடு. அதுதான் வயித்துக்குள்ள மின்னுது."

எல்லோரும் சிரித்தார்கள். அமீபாவுக்குத் தீனி பாக்டீரியா. அதை விழுங்கி உருண்டை உருண்டையாக வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும்.

"உனக்குப் பொறாமைடா," என்றாள் ஹெட்விகா. "உன் முயல் கொடுக்கிற சீரம் பாதி வளையம்கூடக் காட்ட மாட்டேங்குது."

"என் முயல் வேலைக்காகலேன்னா பூண்டு போட்டு வறுத்துடுவேன். நீ மார்ஷலுக்குச் சிலையில்ல வைப்பே!"

"வைப்பேன். நீ வந்து மாலை போடு."

அதோடு அது முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான்.

ஏப்ரல் கடைசியில் மலை விடுதியில் எங்கள் துறைக்காரர்களின் வருடாந்தரக் கூட்டம். பதவிக்கான கமிட்டியும் அங்கேயே முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சுகளைக் கேட்டுவிட்டு மாலையில் முடிவெடுக்கும். ஹெட்விகா படங்களை அடுக்கினாள். எல்லாம் பிரமாதம். ஆனால் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ரதோவனின் மூக்கை அறுக்க வேண்டும். 'சாப்பாடு என்று சிலர் சொன்னார்கள். இதோ பாருங்கள்' என்று ஒரு படம் போட வேண்டும்.

அதற்கு வழி சுலபம். தீனியாகப் போடுகிற பாக்டீரியாவைக் குழம்புபோலக் கெட்டியாக எடுத்து, அதில் சீரத்தை ஊறப்போட வேண்டியது. பாக்டீரியாவைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் ஏதாவது இருந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். மிஞ்சுகிற சீரத்தால் மறுபடி வளையம் தெரிந்தால் ரதோவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாட்டுப் பாடிக்கொண்டே ஊறப்போட்டாள்.

சனிக்கிழமை காலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இருட்டு.

விளக்கு அணைந்திருக்கிறதோ என்று பார்த்தாள். எரிந்தது. சாயம் பழசோ என்று புதுக்குப்பி உடைத்தாள். இருட்டு. ஊறவைக்காத சீரத்தை விட்டுப் பார்த்தாள். கல்யாண வீடுபோலப் பளபளவென்று வளையங்கள். ஊறவைத்ததை விட்டாள். மறுபடி இருட்டு. ஹெட்விகா நாற்காலியில் சாய்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு," என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

எங்கே சறுக்கியது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். அவள் புரதத்தைச் செய்துகொடுத்தது பாக்டீரியா; அமீபாவுக்குத் தீனியும் அதே வகை பாக்டீரியாதான். எவ்வளவு பிரித்தாலும் பாக்டீரியாவின் சொந்தச் சரக்கு கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஊசியில் இரண்டும் போயின. மார்ஷல் பாவம், இரண்டுக்கும் விசுவாசமாக எதிர்ப்பொருள் செய்துவிட்டது. ஊசிக்கு முந்தைய ரத்தத்தில் இரண்டுமே இல்லை. அதனால்தான் அது இருட்டாக இருந்து அவளை ஏமாற்றியது.

அப்படியானால் தாளில் ஒரே பட்டை வந்தது எப்படி? அதற்குக் காரணம் அவள் கைதான். தாளில் ஒற்றும் சோதனைக்கு அமீபாக்களை ஒரு நாள் பட்டினி போட்டு, வயிறு காலியான பிறகு கழுவித்தான் எடுப்பாள். படம் எடுக்க மட்டும் தீனித் தட்டிலிருந்து நேராக எடுப்பாள். ஏனென்றால் பட்டினி கிடந்த அமீபா சுருண்டு போய் அவலட்சணமாக இருக்கும். தின்று கொழுத்தது அழகாகக் கைகால் நீட்டிப் படுத்திருக்கும். படம் லட்சணமாக இருக்க வேண்டுமே! அந்த லட்சணம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு மணி நேரம் அழுதாள். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கல்லாப்பெட்டியும் நாற்காலியும் கண்முன் வந்தன. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஹெட்விகா அழுவாள், ஆனால் அழுதுகொண்டே இருக்கிற ஜாதி இல்லை. 'இருட்டு என்றால் எவ்வளவு இருட்டு? ஒன்றுகூடவா இல்லை?' என்று கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊறவைத்த சீரம் விட்ட அமீபாக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். இருநூற்றுப் பதினாறு. இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்றும் இல்லை. மூன்றில் இருந்தது. அந்த மூன்றும் இரண்டாகப் பிரியும் தறுவாயில் இருந்தவை. நடுவில் மெல்லிய பச்சை இழைகள், ஒரு கட்டு, முனைகள் குவிந்து. இத்தனை நாளும் வளையங்களின் பளபளப்பில் அது கண்ணுக்கே படவில்லை.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றுதான். மூன்றை வைத்துக்கொண்டு யாரும் கொடி ஏற்ற முடியாது. ஆனால் அந்த இழைகளைப் பார்த்தபோது இதுதான் என்னுடையது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இதழுக்குக் கடிதம் போட்டாள்: என் கட்டுரையை நிறுத்துங்கள், வளையங்கள் தவறு.

செவ்வாய்க்கிழமை மலைக்குப் போகும் பேருந்தில் ரதோவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உப்புக் குச்சிகளைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னதுதான் சரி," என்றாள் ஹெட்விகா. "சாப்பாடுதான் மின்னுது."

கொறிப்பது நின்றது. "என்னது?"

"பாக்டீரியாவுல ஊறவெச்சேன். வளையமெல்லாம் காலி."

அவன் துள்ளிக் குதிப்பான், பேருந்து முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரதோவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயோ, நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் ஹெட்விகா. சாராயம் பேசிச்சு."

"சாராயத்துக்கு உன்னைவிட அறிவு ஜாஸ்தி. அது சரி, உன் புரதத்தை எந்த பாக்டீரியாவுல பண்ணினே?"

"என் முயல் வேற."

"முயலைக் கேக்கல. பாக்டீரியா?"

"...நீ குடுத்த குப்பிதான்."

"படத்துக்கு அமீபாவை எங்கேர்ந்து எடுத்தே? பட்டினி போட்டியா?"

"பட்டினி போட்டா பாக்கச் சகிக்காதே," என்றான் ரதோவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வெளியே பனி ஒட்டிய பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு, மிச்சக் குச்சிகளைப் பைக்குள் திணித்தான்.

"நாளைக்கு இதைச் சொல்லாதே," என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "பழைய படத்தையே போடு. கமிட்டி முன்னாடி போய் நீயா தலையைக் குடுப்பியா? நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கெடைச்சாலும் அப்புறமா உக்காந்து சரி பண்ணிக்கலாம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றே."

"நம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உன் நல்லதுக்குன்னு சொல்லு. டேய், நான் தப்புப் பண்ணினவதான். தெரிஞ்சும் அதையே பண்றவ இல்ல. நாளைக்குச் சொல்லத்தான் போறேன். உன் சீரத்தைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உன் பாடு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. முதல்நாள் இரவின் சாராயம் பல முகங்களில் மிச்சமிருந்தது. முன்வரிசையில் கமிட்டி, மூன்று பேர். நடுவில் தலைவி, பிராகாவிலிருந்து வந்த பேராசிரியர் லிபுஷே. அறுபது வயது, குட்டை முடி, மடியில் பின்னல் ஊசியும் நூலும். பேச்சு நடக்கும்போது அந்த அம்மா காலுறை பின்னுவார். ஊசி நின்றால் பேசுகிறவருக்குக் கண்டம் என்று எங்கள் துறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹெட்விகா முதல் படமாக இருட்டைப் போட்டாள். கறுப்புத் திரை, ஓரத்தில் அளவுக்கோடு மட்டும். யாரோ, "விளக்கு எரியலையா?" என்றார்.

"விளக்கு எரியுது. நான்தான் மூணு மாசமா அணைஞ்சு கெடந்தேன்," என்றாள் ஹெட்விகா. சிரிப்பு எழுந்தது. வளையங்களைக் காட்டினாள். ஊறவைத்த பிறகு அவை போனதைக் காட்டினாள். பட்டினி போட்டதையும் போடாததையும், படம் அழகாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் ஒளிக்காமல் சொன்னாள். கட்டுரையை நிறுத்திவிட்டதையும் சொன்னாள். பின்னல் ஊசி நின்றுபோயிருந்தது. கடைசியில் மூன்று அமீபாக்களையும் அவற்றின் இழைகளையும் போட்டாள். "இது எனக்கு மிஞ்சினது," என்று முடித்தாள்.

லிபுஷே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மூணுதானா?"

"மூணுதான் பேராசிரியரம்மா."

"அந்தச் சீரத்தை உங்க புரதத்தோடயே ஊறவெச்சா இந்த இழை மறையுதா? மறைஞ்சாத்தானே இது உங்களுதுன்னு சொல்ல முடியும்?"

"தெரியாது. அதுக்குள்ள பஸ் ஏற வேண்டியதாப் போச்சு. திரும்பிப் போன உடனே அதுதான் முதல் வேலை."

"உங்க விண்ணப்பத்துல முப்பது பக்கத்துக்கு வளையம்னு எழுதியிருக்கீங்க. இப்ப வளையம் இல்ல. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கறீங்களா?"

ஹெட்விகாவுக்கு அண்ணனின் டைல்ஸ் கடை மறுபடி ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

"மாட்டேன்," என்றாள். "முப்பது பக்கத்தைக் கிழிச்சுடுங்க. ஒரு பக்கம் புதுசா எழுதித் தரேன். அந்தப் பக்கத்துல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் நான் ஜவாப்தாரி."

அடுத்த பேச்சு ரதோவனுடையது. அவன் மேடைக்கு வரும்போதே லிபுஷே திரும்பினார். "உங்க சீரத்தை ஊறவெச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல, பேராசிரியரம்மா."

"சரி, சொல்லுங்க. கேக்கறோம்," என்று அவர் பின்னலை எடுத்துக்கொண்டார். ரதோவன் தன் பளபளக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். வாய் பேசியது, உயிர் இல்லை. கேள்வி நேரத்தில் ஒரு கைகூட உயரவில்லை. அதைவிடக் கொடிய தண்டனை எங்கள் கூட்டத்தில் கிடையாது.

மாலையில் கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டது. ஹெட்விகா தாழ்வாரத்தில் ஒரு பக்கத்தை எழுதி, கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னலோரம் நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து லிபுஷே தனியாக வெளியே வந்தார்.

"மேஜைல உன் பேர் மட்டும்தான் இருந்துச்சு," என்றார், மரியாதைப் பன்மையை விட்டுவிட்டு. "அந்தப் பையன் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்து தன் விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். உனக்குக் குடுக்கறதா, இந்த வருஷம் காலியா விடறதான்னு ஓட்டு. ரெண்டு பேர் குடுக்கலாம்னாங்க. ஒருத்தர் வேண்டாம்னாங்க."

"அந்த ஒருத்தர்?"

"நான்தான். மூணு அமீபாவுக்கு அஞ்சு வருஷமா? எனக்கு மனசு ஒப்பல. ஆனா ரெண்டுதான் ஜெயிக்கும். பதவி உனக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள என் ஓட்டு தப்புன்னு காட்டு."

"ரெண்டு வருஷம் எதுக்கு? அக்டோபர்ல வாங்க, காட்டறேன்."

"திமிரப் பாரு!" என்றார் லிபுஷே. ஆனால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனார்.

ஹெட்விகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடத்தில் எதுவானாலும் அவள் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது எதிர் அறை ரதோவனிடம்தான். விடுதியின் பின்பக்கம், விறகு அடுக்கிய சுவரோரம் ரதோவன் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கெடைச்சுது," என்றாள்.

"தெரியும். சந்தோஷம். நெஜமாவே சந்தோஷம்," என்றான். கண் சிவந்திருந்தது. "ஹெட்விகா, என் சீரத்தை நீயே ஊறப்போட்டுப் பாத்துச் சொல்லிடு. எனக்கு அந்த மைக்ரோஸ்கோப்புக்குள்ள பாக்கப் பயமா இருக்கு. நாலு வருஷம்."

அவள் அவன் பக்கத்தில் விறகின் மேல் உட்கார்ந்தாள். பேருந்தில் அவன் மேல் வந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் தான் யாருமில்லாத அறையில் உட்கார்ந்து அழுதது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"மாட்டேன். நீயே போடு, நீயே பாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"ஒண்ணுமே மிஞ்சலேன்னா?"

"மிஞ்சலேன்னு எழுதுவோம். அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? எனக்கு ரெண்டு இடம் குடுத்திருக்காங்க. ஒண்ணுல வந்து உக்காரு."

"நான் உன்னை மறைக்கச் சொன்னவன்."

"சொன்னே. அப்புறம் கமிட்டி கேக்காமயே போய் விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டே. பயந்து முடிச்ச ஆள்தான் எனக்கு வேணும், இனிமே பயப்படப் போறவன் வேண்டாம்."

ரதோவன் கைக்குட்டை தேடினான், கிடைக்கவில்லை, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, எப்போதிலிருந்து வர வேண்டும் என்று கேட்டான்.